தண்டையார்பேட்டை ஹெரால்டுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "இன்ஜின் ஸ்டார்ட் ஆகுமா?" என்றுதான். வட சென்னையில் முதலில் பார்க்க வேண்டியது தகரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. இன்ஜினைப் பிரித்துக் கட்ட நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கரைந்துபோன பாடியை மறுபடி உருவாக்குவதில்தான் பணம் போகும்.

போன வருடம் என் மச்சான், தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் வருடக்கணக்காக நின்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பார்க்கக் கூப்பிட்டார். 1961 முதல் நம் மெட்ராஸ் கம்பெனி தயாரித்த வண்டி, 948 சிசி. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாகவே முன்பக்கம் சாயும். அதைத் தூக்கிப் பார்த்ததுமே மச்சானுக்கு மனசு போய்விட்டது. வீட்டு அம்மாவின் மகன் 3 லட்சம் சொன்னார். "யூடியூப்ல 8 லட்சத்துக்குப் போட்டிருக்காங்க அண்ணே" என்றார். அது கேட்கிற விலை. கைமாறிய விலை வாங்கியவருக்குத்தான் தெரியும். நாங்கள் வாங்கியவர்களிடமே விசாரித்தோம். ஓடுகிற, சுத்தமான ஹெரால்ட் நாலரை லட்சம் வரை போயிருந்தது.

சரி, வண்டிக்கு வருவோம். துணி சுற்றிய சின்னக் காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில் வைத்தேன். ஒட்டாமல் வழுக்கிக் கீழே விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் தகரத்துக்குப் பதிலாக, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி விரல் கனத்துக்கு. பின் சக்கர வளைவிலும் அதே கதை. ஹெரால்டுக்குப் பாடிக்கு அடியில் தனிச் சேஸிஸ், அதாவது இரும்புச் சட்டம், உண்டு, பாடியைப் போல்ட் கழற்றி எடுத்துவிடலாம், அது பெரிய வசதி. ஆனால் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் பாடியைத் தாங்குகின்றன. கூட வந்த டிங்கர் படுத்து அந்தக் கையில் ஸ்குரூடிரைவரால் குத்தினார். அது உள்ளே இறங்கியது. உதிர்ந்த துருவை உள்ளங்கையில் வைத்து மச்சானிடம் நீட்டினார். கதவைத் திறந்தால் அரை அங்குலம் தொங்கியதற்கும் அதுதான் காரணம்.

இன்ஜின் ஜாம் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கிராங்க் நட்டில் ஸ்பானர் போட்டதும் சுற்றியது.

அடுத்து, என்னென்ன காணோம் என்று பார்த்தோம். இது நான்கு கதவு வண்டி. பிரிட்டனில் இதன் மூல வண்டியான ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இன்றும் புதுப் பாகங்கள் செய்கிறார்கள், ஆனால் நான்கு கதவு சலூன் இந்தியாவில் மட்டுமே வந்தது. அதனால் பின் கதவுக் கண்ணாடியோ அதன் ஓரத்துப் பட்டையான பீடிங்கோ தொலைந்தால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வழியில்லை. நல்லவேளை, நான்கு கண்ணாடியும் இருந்தன. எனக்கு அது இன்ஜினைவிடப் பெரிய விஷயம்.

ஆர்.சி. அந்த அம்மாவின் கணவர் பெயரில், அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றினால்தான் நமக்கு மாற்ற முடியும். சேஸிஸ் நம்பரைத் துடைத்துப் படித்தோம், புத்தகத்தோடு ஒத்துப்போனது. ஒத்துப்போகாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 50 வருடம் தாண்டியதை 2021 விதிப்படி விண்டேஜாகப் பதியலாம், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது. மச்சானுக்கு ஓட்டத்தான் ஆசை, அதனால் சாதாரணப் பதிவையே புதுப்பிக்க முடிவு செய்தோம்.

அங்கேயே ஒரு பேப்பரில் எழுதினோம். சேஸிஸ், டிங்கரிங் 1,30,000. பெயிண்ட் 80,000. இன்ஜின், பிரேக் 70,000. வயரிங், சீட், ரப்பர் 50,000. கண்ணுக்குத் தெரியாத துருவுக்குத் தனியாக 50,000. மொத்தம் 3,80,000. நாலரை லட்சத்தில் கழித்தால் மிச்சம் 70,000. அதுதான் இந்த வண்டிக்கு விலை. பேப்பரை மகனிடமே காட்டினேன். அவர் முகம் சுண்டிவிட்டது. அந்த அம்மா மட்டும், "பார்ட் பார்ட்டா பிரிச்சு வித்துடாதீங்க தம்பி" என்றார்.

அன்று முடியவில்லை. அப்புறம் மகனே போன் செய்தார். 75,000க்குப் பேசி முடித்தோம், வாரிசுப் பெயர் மாற்றம் அவர்கள் பொறுப்பு. வண்டி இப்போது வியாசர்பாடியில் டிங்கரிடம் இருக்கிறது. பாடியைத் தூக்கியதும் பின் சீட்டுக்கு அடியில் ஃப்ளோரும் போயிருப்பது தெரிந்தது. தனியாக வைத்த 50,000 இல் பாதி அதற்குப் போயிற்று.