ஸ்பார்ட்டாவிலும் மக்கள் சபை இருந்ததே, பிறகு ஏன் ஏதென்ஸை மட்டும் ஜனநாயகம் என்கிறோம்?

நெய்தல்:
பண்டைய கிரேக்க நகர அரசுகளில் ஏதென்ஸ் என்றால் ஜனநாயகம், ஸ்பார்ட்டா என்றால் படைமுகாம் என்றுதான் பள்ளியில் படித்தேன். இப்போது கொஞ்சம் ஆழமாகப் படிக்கப் போய்க் குழம்பி நிற்கிறேன். ஸ்பார்ட்டாவில் ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள், அவர்களையே கேள்வி கேட்கக்கூடிய ஐந்து எபோர்கள் (ஆண்டுதோறும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரிகள்), அறுபது வயது தாண்டிய 28 பேரும் அரசர்களும் சேர்ந்த மூத்தோர் அவை, அது போகக் குடிமக்கள் சபை. ஒரு ஆள் கையில் அதிகாரம் குவியாமல் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்களே. பெண்கள் சொந்தமாக நிலம் வைத்திருந்தார்கள் என்று வேறு படித்தேன். அப்படியென்றால் நாம் ஸ்பார்ட்டாவுக்கு அநியாயம் செய்கிறோமா?

பழஞ்சுவடி:
சபை இருந்தது, சரி. அந்தச் சபையில் உட்கார்ந்த ஆள் என்ன செய்ய முடிந்தது என்று பாருங்கள். மேலே இருப்பவர்கள் கொண்டுவந்ததற்கு ஆமாம், இல்லை சொல்வதுதான் பெரும்பாலும் அவன் வேலை. மூத்தோர் அவைக்கு ஆள் எடுத்த விதத்தைப் பழங்கால எழுத்தாளர் புளூட்டார்க் விவரித்திருக்கிறார். சிலரைப் பக்கத்துக் கட்டடத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வெளியே வேட்பாளர்கள் ஒவ்வொருவராகப் பேசாமல் சபை நடுவே நடந்து போவார்கள், கூட்டம் சத்தம் போடும். உள்ளே இருப்பவர்களுக்கு யார் நடக்கிறார் என்று தெரியாது, முதலாவது ஆளுக்கு இவ்வளவு சத்தம், இரண்டாவது ஆளுக்கு இவ்வளவு என்று பலகையில் குறித்துக்கொண்டே வருவார்கள். பெரிய சத்தம் வாங்கியவருக்கு ஆயுள் முழுக்கப் பதவி. அரிஸ்டாட்டில் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்றே சொல்லிவிட்டார்.

ஏதென்ஸில் சபை கூடியதும் "பேச விரும்புபவர் யார்?" என்று அறிவிப்பாளர் கூவுவார், செருப்புத் தைப்பவரும் எழுந்து பேசலாம். சபைக்கு வேலை தயார் செய்யும் 500 பேர் குழுவுக்குக் குலுக்கல் முறையில்தான் ஆள் எடுத்தார்கள், ஒரு வருடம்தான் பதவி, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. எனக்கு வித்தியாசமே இங்கேதான் தெரிகிறது.

கடற்காகம்:
பழஞ்சுவடி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஏதென்ஸை ரொம்பவும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். யாரையாவது பத்து வருடம் நாடு கடத்த வேண்டும் என்றால் பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவார்கள். அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டாக்ளிஸ் பெயர் கீறிய 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் மொத்தத்தையும் எழுதியவர்கள் பதினான்கு பேர்தானாம், ஆக முன்கூட்டியே எழுதி விநியோகிக்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள். கி.மு. 406-இல் கடற்போரில் வென்று வந்த தளபதிகள் ஆறு பேருக்கு இதே மக்கள்தான் மரண தண்டனை கொடுத்தார்கள், பிறகு வருந்தினார்கள்.

பெண்கள் விஷயத்தில் நெய்தல் படித்தது சரி. ஸ்பார்ட்டா நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் என்று அரிஸ்டாட்டில் குறையாகவே சொல்கிறார். ஏதென்ஸ் பெண்ணுக்குச் சபையும் கிடையாது, நிலமும் கிடையாது. ஏதென்ஸுக்குச் சொந்தமான லாவ்ரியம் வெள்ளிச் சுரங்கத்தில் குனிந்து நுழைந்த அடிமையைக் கேட்டால் ஜனநாயகத்தைப் பற்றி என்ன சொல்லியிருப்பான்?

நெய்தல்:
அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானா? இரண்டு இடத்திலும் சுதந்திரம் கொஞ்சம் பேருக்கு, உழைப்பு மற்றவர்களுக்கு.

முல்லைநிலம்:
ஒன்று இல்லை. ஹெலட்டுகள் என்ற அடிமை மக்களைப் பார்க்காமல் ஸ்பார்ட்டா புரியாது. பக்கத்துப் பகுதியான மெசேனியாவை வென்று, அங்கிருந்த மக்களை அவர்கள் நிலத்திலேயே அடிமையாக்கி, ஊரோடு உட்கார வைத்திருந்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். எபோர்கள் பதவியேற்றதும் ஹெலட்டுகள் மீது போர் அறிவிப்பார்கள், ஒவ்வொரு வருடமும், கொன்றால் பாவம் சேராது என்பதற்காக. ஏழு வயதில் பையனை வீட்டிலிருந்து பிரித்துப் பயிற்சிக்கு அனுப்பியதில் ஹெலட்டுகள் கிளர்ந்தெழுவார்களோ என்ற பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார், எனக்கு அதைப் படித்த நாளிலிருந்து மறக்கவில்லை. போரில் நன்றாகச் சண்டை போட்டதாக நினைக்கும் ஹெலட்டுகள் முன்வரலாம், விடுதலை தருகிறோம் என்று அறிவித்தார்கள். சுமார் 2,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தலையில் மாலை சூடி, விடுதலை கிடைத்துவிட்டது என்று கோயில் கோயிலாகச் சுற்றி வந்தார்கள். கொஞ்ச நாளில் அத்தனை பேரும் காணாமல் போனார்கள், எப்படிச் செத்தார்கள் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. முதலில் முன்வரத் துணிந்தவன்தான் முதலில் கிளர்ச்சி செய்வான் என்பது கணக்கு.

அப்புறம் இன்னொன்று. ஸ்பார்ட்டாவில் பொதுச் சாப்பாட்டுக்கு மாதாமாதம் பார்லி, ஒயின், பாலாடைக்கட்டி, அத்திப்பழம் எல்லாம் கொடுக்க வேண்டும், முடியாதவன் குடியுரிமையை இழப்பான். நிலம் சிலர் கையில் சேரச் சேரக் குடிமக்கள் குறைந்துகொண்டே போனார்கள். கி.மு. 479-இல் பிளாட்டியா போருக்கு 5,000 குடிமக்களை அனுப்பிய ஊர், 371-இல் லியூக்ட்ரா போரில் நிறுத்தியது 700 பேர், அதில் 400 பேர் அன்றைக்கே போய்விட்டார்கள். அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில், லியூக்ட்ராவில் வென்ற தீப்ஸ் நகரின் படை ஸ்பார்ட்டா வாசல் வரை வந்தது, மெசேனியா விடுதலையானது. ஏதென்ஸும் 404-இல் சரணடைந்து, ஸ்பார்ட்டா ஆதரவோடு முப்பது பேர் ஆட்சியில் ரத்தம் பார்த்தது, ஆனால் அடுத்த வருடமே குடிமக்கள் அவர்களை விரட்டிவிட்டுச் சபையை மறுபடி கூட்டினார்கள்.