குடியிருப்பில் பெருகும் பூனைகள்: பிடித்து வேறு இடத்தில் விடலாமா?

மூன்றாம் மாடி:
வண்டி நிறுத்தும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு பூனைகள். ராத்திரி முழுக்கச் சண்டை, சக்கரமெல்லாம் மூத்திர நாற்றம். பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு. எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

வால்நட்சத்திரம்:
விட்டாலும் பலனில்லை. தீனியும் மறைவிடமும் அங்கேயே இருக்கிறதே! காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனைகள் வந்துவிடும்.

கூண்டுக்காரி:
நான் இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவள். பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள். அதற்கு முன் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தீனி வைத்துப் பழக்குங்கள். எது பெட்டை, எது பால் கொடுக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். பிடிப்பதற்கு முந்தைய இரவு யாரும் தீனி வைக்கக் கூடாது. (இரக்கப்பட்டு ஒளித்து வைக்கும் ஒருவர் எல்லாக் குடியிருப்பிலும் இருப்பார். அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.) கூண்டுக் கதவு விழுந்ததும் பூனை முட்டி மோதும், உடனே துணி போட்டு மூடினால் அடங்கும். மூடாமல் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெட்டைகளை முதலில் பிடியுங்கள். நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், ஒன்பது வாரத்தில் குட்டி போடும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். அதனால் பாதியோடு நிறுத்தினால் மீதிப் பாதி ஈடுகட்டிவிடும். முக்கால்வாசியாவது குறுகிய காலத்தில் முடிய வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியை வெட்டச் சொல்லுங்கள், செய்து முடித்த பூனை என்று தூரத்திலிருந்தே தெரியும். ரேபிஸ் தடுப்பூசியும் அப்போதே போட்டுவிடலாம்.

மூன்றாம் மாடி:
நன்றி. நாற்றம் போகுமா? சின்னக் குட்டிகளை என்ன செய்வது?

கூண்டுக்காரி:
கடுவன்களுக்குச் செய்த சில வாரங்களில் நாற்றமும் சண்டையும் குறையும். குட்டிகள் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் மனிதரிடம் சுலபமாக ஒட்டும். தாய்ப்பால் மறந்ததும் எடுத்து, கையால் ஊட்டிப் பழக்கி, தத்துக் கொடுத்துவிடலாம். வளர்ந்த முரட்டுப் பூனையை மட்டும் வீட்டுக்குள் அடைக்காதீர்கள், அதற்கு அது சிறை.

நாரைக்கால்:
திரும்ப விட்ட பூனை பறவை பிடிப்பதை நிறுத்தாதே? தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கும் இடத்தில் இந்த முறையை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கூண்டுக்காரி:
அங்கே நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பறவைகள் அடையும் ஏரிக்கரையும் வண்டி நிறுத்தும் இடமும் ஒன்றல்ல. @மூன்றாம் மாடி, அடுத்த மாதமே பூனை இருக்காது என்று சங்கத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். புதுக்குட்டி வராது, இருப்பவை தங்கள் ஆயுளை வாழ்ந்து முடிக்கும். எண்ணிக்கை குறைய வருடங்கள் ஆகும். அப்புறம், டாக்டரிடம் தேதி வாங்காமல் கூண்டு வைக்காதீர்கள்.