பி.பாம் (மருந்தாளர் பட்டம்) முடித்தாயிற்று, பதிவும் வந்துவிட்டது. கனடாவா லண்டனா, எதிலிருந்து தொடங்குவது?

ஆஸ்பத்திரிவீதி:

எல்லோருக்கும் வணக்கம். யாழ். பல்கலைக்கழகத்தில் பி.பாம் முடித்தேன். இலங்கை மருத்துவ சபையின் பதிவுச் சான்றிதழ் போன மாதம் கையில் கிடைத்தது. அரச நியமனம் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. இப்போதைக்கு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு தனியார் பாமசியில் நிற்கிறேன். கிளினிக் துண்டோடு சனம் வரத் தொடங்கினால் மத்தியானம் வரை தலை நிமிர முடியாது. நீரிழிவுக்கான மெட்போமின் குளிசை காட் வெட்டி, கடதாசி உறையில் போட்டு, ‘காலை 1, இரவு 1, சாப்பிட்ட பிறகு’ என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. நாலு வருடம் படித்ததெல்லாம் அந்தச் சின்ன உறைக்குள் போய்விட்டது போலச் சில நாள் தோன்றும்.

வீட்டில் இப்போது வெளிநாட்டுக் கதைதான். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் பெரியப்பா, “ஏதாவது ஒரு கொலிஜ் கோர்ஸுக்கு ஸ்டூடன்ற் விசாவில் வா, பாமசிச் சோதனையை வந்த பிறகு பார்க்கலாம்” என்கிறார். அப்பா அதற்காக வீட்டு உறுதியை வங்கியில் வைக்கவும் தயார். லண்டன் மச்சாளோ “கனடாவில் குளிர், இங்கே வா” என்கிறாள். லண்டனில் குளிர் இல்லையாம்! போதாக்குறைக்கு ரவுணில் ஒரு ஏஜென்சிக்காரர், மூன்று மாதத்தில் பாமசிஸ்ட் வேலை எடுத்துத் தருகிறேன், பட்டச் சான்றிதழின் ஒரிஜினலை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். உறுதியில் கை வைக்காமல், இங்கிருந்தபடியே எவ்வளவு தூரம் போகலாம்? அனுபவம் சேர்த்துவிட்டுப் போவதா, சூட்டோடு சூடாகப் போவதா? இன்னொரு தலையிடி: பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது, பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்தவர் என் பெயருக்கு வேறு எழுத்துக்கூட்டல் போட்டிருக்கிறார். இது பிரச்சினையாகுமா?

நியூஜேர்சிக்காரன்:

தங்கச்சி, அமெரிக்காவைக் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். 2003 ஜனவரி 1க்குப் பிறகு பட்டம் பெற்ற வெளிநாட்டு மருந்தாளர் என்றால் ஐந்து வருடப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும். எங்களுடைய நாலு வருடப் பட்டத்துக்கு முதல் படியிலேயே கதவு சாத்தியிருக்கிறது. நான் இப்போது மருந்துக் கம்பனி ஒன்றில் தர ஆய்வில் இருக்கிறேன். சம்பளத்துக்குக் குறையில்லை, ஆனால் மருந்தாளர் இல்லை.

ஸ்காபரோ_அண்ணை:

தங்கச்சி, நானும் அதே கம்பஸ்தான். இங்கே பதிவு எடுக்க எனக்கு நாலு வருடம் போனது. அதில் இரண்டு வருடம் என் விசர் வேலையால் போனது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பெரியப்பா சொன்ன வழியில் வந்தவர்கள் உண்டு. ஆனால் அவர் பார்த்த கனடா வேறு. 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். அதே வருடம் நவம்பர் 1 இலிருந்து, கொலிஜ் படிப்பு முடித்தபின் வேலை அனுமதி கிடைப்பது படித்த துறையைப் பொறுத்தது. ‘ஏதாவது ஒரு கோர்ஸ்’ என்ற கதை இப்போது எடுபடாது. உறுதி உறுதியாகவே வீட்டில் இருக்கட்டும்.

முதல் வேலை, இங்கத்தைய மருந்தாளர் பதிவுச் சபைகளின் தேசிய அமைப்பு நடத்தும் பாமசிஸ்ற்ஸ் கேற்வே என்ற இணையத்தளத்தில் கணக்குத் திறந்து அடையாள எண் எடுப்பது. பிறகு பி.இ.பி.சி. என்கிற கனடாப் பரீட்சைச் சபைக்கு ஆவண மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது. பட்டம், பெறுபேற்றுப் பத்திரம், மருத்துவ சபைப் பதிவு எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள். அது சரிவந்தால் மதிப்பீட்டுப் பரீட்சை. அதையும் இப்போது கனடாவுக்கு வராமலே எழுதலாம். இவ்வளவுக்கும் நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு அசைய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு தகுதிப் பரீட்சை, இரண்டு பாகம். ஒன்று பல்தேர்வு. மற்றது ஒஸ்கி, நடிகரை நோயாளியாக இருத்தி நாங்கள் கதைப்பதைப் பார்த்துப் புள்ளி போடுவது. ஒஸ்கிக்கு இங்கே வந்துதான் ஆக வேண்டும். கடைசியில் மாகாணக் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, மருந்தாளருக்குப் பதிவு கொடுக்கிற சபை அது): ஒன்ராறியோவில் சட்டப் பரீட்சை, நடைமுறை மதிப்பீடு என்று இன்னும் உண்டு. கியூபெக் தனி வழி, பிரெஞ்சு வேண்டும், அதை விடுங்கோ.

இனி என் கதை. பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பரீட்சைச் சபைக்கு அனுப்ப வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, முத்திரை குத்தி ஒட்டிய உறைதானே, நானே கூரியரில் போட்டால் கெதியாகப் போகும் என்று கையில் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அம்மா அதைச் சாமியறையில் வைத்துக் கும்பிட்டு, ஒட்டின வாயில், முத்திரைக்கு மேலேயே, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். அப்படியே அனுப்பினேன். மறுத்துவிட்டார்கள். குங்குமத்தால் இல்லை, நான் அனுப்பியதால். திரும்பக் காசு கட்டி, கடிதம் எழுதி, பல்கலைக்கழகத்திலிருந்து நேரே போய்ச் சேர ஐந்து மாதம். அம்மா இன்றைக்கும் தன் குங்குமத்தில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

அடுத்தது ஒஸ்கி. முதல்முறை தவறவிட்டேன். காய்ச்சலும் தலையிடியும் என்று ஒரு அம்மா நடிக்கிறார். என் வாயில் வந்தது ‘பனடோல்’. அவர் முழிக்கிறார். ‘பரசிற்றமோல்’ என்றேன். அதற்கும் முழி. இங்கே அது அசெற்றமினோஃபென், சனத்துக்கு டைலனோல். கொல்லையில் நிற்கிற மரத்தின் பெயர் மறந்தவன் மாதிரி நின்றேன். ஆனால் அந்த ஒரு சொல்லால் யாரையும் விழுத்தமாட்டார்கள். விழுத்தியது வேறு: யாருக்கு மருந்து, ஏதும் ஒவ்வாமை உண்டா, வேறு என்ன குடிக்கிறீர்கள் என்று நான் கேட்கவேயில்லை. ஊரில் பாமசியில் நின்ற இரண்டு வருடமும் கேட்டதில்லை. வரிசை நிற்கும், கை வெட்டும், வாய் ‘சாப்பிட்ட பிறகு’ என்று சொல்லும். அவ்வளவுதான்.

அதனால் அனுபவம் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு என் பதில்: இப்போது நிற்கிற இடத்திலேயே சேருங்கோ. மெட்போமின் வாங்க வருகிற ஐயாவிடம், வயிறு குழம்புகிறதா, சிறுநீரக ரெஸ்ட் கடைசியாக எப்போது செய்தது, நெஞ்சு வருத்தத்துக்கு வேறு குளிசை உண்டா என்று கேட்டுப் பாருங்கோ. பின்னுக்கு நிற்பவர் முணுமுணுப்பார், முதலாளி திரும்பிப் பார்ப்பார். பரவாயில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கேட்டால் போதும். ஸ்காபரோவில் காசு கட்டி ஒஸ்கி வகுப்புக்குப் போய், நானும் இன்னொரு பிள்ளையும் ஒருவருக்கொருவர் நோயாளியாக நடித்துப் பழகிய வேலை இது. உங்களிடம் உண்மையான நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள்.

இங்கே வேலையும் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. 2023 ஜனவரி 1 இலிருந்து ஒன்ராறியோ மருந்தாளர் 13 சின்ன வருத்தங்களுக்குத் தானே மருந்து எழுதலாம். அதே வருடம் ஒக்ரோபரில் அதை 19 ஆக்கினார்கள். கேட்கத் தெரியாதவன் இங்கே தட்டு அடுக்கலாம். நான் முதல் ஒன்றரை வருடம் அடுக்கினேன்.

குடைக்காரி:

பிள்ளை, நான் லண்டன் பக்கத்து ஆள். மச்சாள் சொல்லாத சிலதைச் சொல்கிறேன். இங்கே பதிவுச் சபை ஜி.பி.எச்.சி. அவர்களுடைய நிபந்தனைகளுக்குச் சரிவந்தபின், ஓஸ்பாப் என்ற ஒரு வருடப் படிப்பைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும். நான் பிறைற்றனில் படித்தேன். அஸ்ரன், சண்டலண்ட் மாதிரி இன்னும் சில இடங்களிலும் உண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணம், அதனால் காசு முதலிலேயே போய்விடும், உறுதியைக் காப்பாற்றும் வழி இதில்லை. பிறகு 52 வாரப் பயிற்சி. அதற்கு இடமும் கிடைக்க வேண்டும், விசாவுக்கு ஸ்பொன்சர் செய்கிற முதலாளியும் கிடைக்க வேண்டும். அதற்குப் பிறகு பதிவுப் பரீட்சை. மூன்று தரம்தான் எழுத விடுவார்கள்.

அந்தப் பரீட்சையின் முதல் பகுதி முழுக்கக் கணக்கு. 40 கேள்வி, 2 மணித்தியாலம். எங்கள் பிள்ளைகளுக்கு அது பயமில்லை, ஏ.எல். ரியூசனில் அடிபட்டு வந்தவர்கள்தானே. எங்களை மறிப்பது ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலச் சோதனை. ஒவ்வொரு பகுதியிலும் 7, அதுவும் ஒரே இருப்பில். எனக்கு மூன்று தரமும் எழுத்தில் 6.5. நாலாம் தரம், மருத்துவத் துறை ஆட்களுக்கான ஆங்கிலச் சோதனையான ஓ.ஈ.ரி.க்கு மாறினேன். அதில் எழுதச் சொல்வது எங்கள் தொழில் சார்ந்த கடிதம், அதனால் கை ஓடியது. ஒவ்வொரு பகுதியிலும் பி வந்தது. எந்த நாடு என்று முடிவெடுக்க முன்னமே ஆங்கிலத்தைத் தொடங்குங்கோ. ஆனால் சோதனையை அவசரப்பட்டு எழுத வேண்டாம், பெறுபேறு இரண்டு வருடத்தில் காலாவதியாகிவிடும்.

(ஸ்காபரோ அண்ணைக்கு: இங்கே பரசிற்றமோலும், ஒவ்வாமைக் குளிசை பிரிற்றனும் அதே பெயரில்தான் தட்டில் இருக்கின்றன. முழிக்க வேண்டியதில்லை.)

ஆஸ்பத்திரிவீதி:

அண்ணை, அக்கா, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. நேற்று வேலையில் கேட்டுப் பார்த்தேன். பத்துப் பேரிடம் இல்லை, நாலு பேரிடம். மூன்று பேர் “டொக்டர் எழுதினதைத் தாங்கோ பிள்ளை” என்றார்கள். நாலாவது ஒரு வயதான அம்மா. பையைத் திறந்து காட்டினார்: கிளினிக்கில் கொடுத்த பிரஷர் குளிசை லொசாட்டன் 50 ஒரு உறையில், வேறு பாமசியில் வாங்கிய வேறு கொம்பனி லொசாட்டன் 50 இன்னொரு உறையில். இரண்டையும் வேறு வேறு குளிசை என்று நினைத்துக் காலையில் ஒன்றாகக் குடித்திருக்கிறார். எழும்பினால் தலை சுற்றுது என்றார். உடனே பிரஷர் பார்த்து, துண்டு எழுதித் திரும்ப கிளினிக்குக்கு அனுப்பினேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

அவுஸ்திரேலியா பற்றி யாராவது சொல்வீர்களா? பெயர்ப் பிரச்சினைக்கும் பதில் வரவில்லை.

மெல்பேண்_மெதுவாக:

நான் சொல்கிறேன். உறுதியில் கை வைக்காமல் என்று கேட்டதற்கு அவுஸ்திரேலியாதான் கிட்டிய விடை என்பது என் எண்ணம். முன்பு கப்ஸ் என்று இரண்டு தாள் இருந்தது, நான் எழுதியது அது. 2025 மார்ச்சிலிருந்து அதற்குப் பதில் ஒப்ரா. ஒரே தாள், 120 கேள்வி, இரண்டரை மணித்தியாலம். நோய்க்கு எந்த மருந்து, நோயாளியை எப்படிப் பார்ப்பது என்ற பகுதிக்குத்தான் அதில் மிகப் பெரிய பங்கு. கம்பஸில் கரைத்துக் குடித்த இரசாயனம் கொஞ்சம்தான். அந்த அம்மாவின் இரண்டு உறை மாதிரி விசயங்கள் படிப்பாகவே கணக்கில் வரும். இதையும் இங்கே வராமலே எழுதலாம். சித்தியடைந்தால் பாமசி கவுன்சிலின் திறன் மதிப்பீடு கையில் வரும், அதை வைத்துத்தான் விசாவுக்குப் போவது. வந்தபின் தற்காலிகப் பதிவு, மேற்பார்வையில் 1,575 மணித்தியாலம் சம்பளத்தோடு வேலை, பிறகு எழுத்துப் பரீட்சையும் வாய்மொழிப் பரீட்சையும்.

கஷ்டம் எங்கே என்றால், மேற்பார்வை செய்ய ஒரு பாமசி கிடைப்பதில். மெல்பேண், சிட்னி நகருக்குள் எல்லோரும் முட்டி மோதுகிறார்கள். நான் நகரத்திலிருந்து நாலு மணித்தியாலம் தள்ளி ஒரு கோதுமை ஊருக்குப் போனேன். தமிழ் ஆள் ஒருவரும் இல்லை, தோசை மாவுக்குக் கூட வழியில்லை. ஆனால் வேலை ஒரு கிழமையில் கிடைத்தது.

ஸ்காபரோ_அண்ணை:

தங்கச்சி, அந்த லொசாட்டன் கதையை எழுதி வையுங்கோ. எந்த நாட்டு நேர்முகத்திலும் ‘ஒரு பிழையைப் பிடித்த சந்தர்ப்பம் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள். நான் பொய் சொன்னேன், உங்களுக்கு அது தேவைப்படாது.

பெயர் விசயம்: பாஸ்போட்டில் எப்படி இருக்கிறதோ அதையே தாய் எழுத்துக்கூட்டலாக வையுங்கோ. இனித் திறக்கிற ஒவ்வொரு கணக்கும், ஆங்கிலச் சோதனைப் பதிவும், அதே எழுத்தில். பட்டச் சான்றிதழில் முதலெழுத்து இருப்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கோ. பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பக் கொடுத்து, பாஸ்போட் எழுத்துக்கூட்டலைக் காட்டி, புதிதாக எடுங்கோ. பழையதைத் திருத்தப் போக வேண்டாம், கீறி வெட்டிய கடதாசியை ஒருவரும் ஏற்கமாட்டார்கள். மருத்துவ சபையிடம் நன்னிலைச் சான்றிதழ் (உங்கள் பதிவில் குறையில்லை என்ற கடிதம்) கேட்பதைக் கடைசிக்கு வையுங்கோ, நாள் போனால் புதிதாகக் கேட்பார்கள்.

மெல்பேண் தம்பி சொன்னது எனக்கும் சரியாகத்தான் படுகிறது, பெரியப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஆஸ்பத்திரிவீதி:

சரி அண்ணை. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. காலையில் மொழிபெயர்ப்பாளரிடம், பிறகு கம்பஸ் பரீட்சைக் கிளைக்கு. உறையை அவர்களே நேரே அனுப்ப என்ன படிவம் நிரப்ப வேண்டும் என்று கேட்டு வந்து இங்கே எழுதுகிறேன். அம்மா ஏற்கனவே “எனக்கு ஒருக்கால் காட்டிவிட்டு அனுப்பு” என்று சொல்லியிருக்கிறா.