ஏ.பி. உயிரியல்: விலங்கு நடத்தை பற்றிய வினாக்களில் எதிர்பார்க்கப்படும் விடை எத்தகையது?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் இந்த ஆண்டு ஏ.பி. உயிரியல் (அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் கற்பிக்கப்படும் பாடம்) எடுத்திருக்கிறாள். பாடத்திட்டத்தின் எட்டாவதும் கடைசியுமான அலகு சூழலியல். விலங்குகளின் நடத்தையும் அதற்குள்தான் வருகிறது. மதுரையில் தமிழ் வழியில் விலங்கியல் படித்தவள் என்பதால், இந்தப் பகுதியிலாவது அவளுக்குத் துணையாக இருக்கலாம் என்று எண்ணினேன். ஆனால் நாங்கள் அன்று படித்தது பெரும்பாலும் வகைப்பாடும் உடற்கூறும்தான். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் பிரித்து அட்டையில் ஒட்டச் சொன்னார்களே தவிர, வெளிச்சத்தைக் கண்டதும் அது ஏன் ஓடுகிறது என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை.

சென்ற வாரம் அவர்கள் செய்த ஆய்வு இது. கற்களுக்கு அடியில் வாழ்ந்து, தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் பில் பக் என்ற சிற்றுயிர்கள் பத்தினை, ஒரு பக்கம் ஈரத்தாளும் மறுபக்கம் உலர்தாளும் விரித்த இரட்டைக் கிண்ணத்தில் விட்டிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் ஈரப்பக்கம் ஏழும் உலர்பக்கம் மூன்றும் இருந்தன. “பில் பக் ஈரத்தை விரும்புகிறது, உடல் உலர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அது ஈரமான இடத்துக்குச் செல்கிறது” என்று மகள் எழுதியிருந்தாள். ஆசிரியர் முதல் பாதியின் அருகில் “இந்தத் தரவு போதாது” என்றும், இரண்டாம் பாதியின் அருகில் “இது எந்த வகைக் காரணம்?” என்றும் குறித்துப் பாதி மதிப்பெண்தான் கொடுத்திருக்கிறார். எனக்கு அவள் எழுதியது சரியாகவே படுகிறது. மே மாதத் தேர்வுக்குள் இதைச் சரிசெய்ய வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாடவேளை:

வணக்கம் அம்மா. டெக்சாஸில் இதே பாடத்தைக் கற்பிக்கிறேன். அந்த இரண்டு குறிப்புகளும் வெவ்வேறு திறன்களைச் சோதிப்பவை.

முதலில் எண்ணிக்கை. ஈரத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை என்ற இன்மைக் கருதுகோளின்படி, பக்கத்துக்கு 5 வீதம் இருந்திருக்க வேண்டும். உண்மையில் இருந்தவை 7, 3. வேறுபாடு 2, அதன் வர்க்கம் 4, அதை 5ஆல் வகுத்தால் 0.8, இரு பக்கமும் சேர்த்து 1.6. எதிர்பார்த்ததிலிருந்து உண்மை எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் இந்த அளவுக்குத்தான் கை-ஸ்கொயர் என்று பெயர். ஒரு கட்டின்மைக் கூறுக்கு (பிரிவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு; இங்கே இரு பக்கம், ஆகவே 1) 0.05 நிலையில், அதாவது தற்செயலுக்கு நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு என்ற அளவில், அதன் எல்லை மதிப்பு 3.84. நமக்குக் கிடைத்தது அதற்கு மிகக் கீழே இருப்பதால், இந்தப் பரவல் தற்செயலாகவும் நிகழ்ந்திருக்கலாம். இதைக் கொண்டு, பில் பக்குக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை என்று முடிவுகட்டவும் முடியாது. இன்மைக் கருதுகோளை நிராகரிக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை என்று மட்டுமே எழுத வேண்டும். சூத்திரமும் எல்லை மதிப்பு அட்டவணையும் தேர்வில் தரப்படும் தாளிலேயே உள்ளன; அவற்றை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு.

இரண்டாவது குறிப்புதான் முக்கியமானது. ஒரு நடத்தை ஏன் நிகழ்கிறது என்ற கேள்விக்கு இரண்டு தளங்களில் விடை உண்டு. அந்தக் கணத்தில் உடலுக்குள் எது அதைத் தூண்டுகிறது, எது இயக்குகிறது என்பது உடனடிக் காரணம். அந்த நடத்தை தலைமுறைகளைக் கடந்து ஏன் நிலைத்தது என்பது பரிணாமக் காரணம். பில் பக் உலர்ந்த காற்றில் வேகமாக நடக்கிறது. ஈரமான காற்றில் வேகம் குறைந்து நின்றுவிடுகிறது. ஈரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறிந்து அதை நோக்கிப் போக வேண்டிய தேவையே இல்லை. உலர்ந்த இடத்தில் நிற்காமல் அலைவதும் ஈரத்தில் தங்கிவிடுவதுமாக இருந்தாலே, சிறிது நேரத்தில் பெரும்பாலானவை ஈரத்தில் சேர்ந்துவிடும். இது உடனடிக் காரணம். பில் பக் பூச்சி இனம் அன்று. இறால், நண்டு ஆகியவற்றின் உறவான ஓட்டுடலி. பூச்சிகளின் மேல்தோலில் நீரை வெளியே விடாமல் காக்கும் மெழுகுப் படலம் இருப்பதுபோல் அதற்கு இல்லை. வயிற்றின் அடியில் உள்ள செவுள் போன்ற சுவாச உறுப்புகளும் ஈரமாகவே இருந்தாக வேண்டும். ஆகவே உலர்ந்த இடத்தில் தங்கிவிடாத மூதாதையர் அதிக அளவில் பிழைத்து, அதிகச் சந்ததியை விட்டுச் சென்றன. இது பரிணாமக் காரணம்.

உங்கள் மகளின் வாக்கியம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, இடையில் பில் பக்குக்கு ஒரு நோக்கத்தையும் கற்பித்துவிட்டது. “விரும்புகிறது”, “என்பதற்காக” என்ற சொற்களை என் மாணவர்களின் தாளில் கண்டால் நான் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன்.

கானகன்:

பாடவேளையின் விளக்கத்தோடு எனக்கு உடன்பாடே; சிவப்பு மையோடுதான் சிறு பிணக்கு. நடத்தைச் சூழலியலில் பணியாற்றும் நாங்கள் “குஞ்சைக் காப்பதற்காக” என்று எங்களுக்குள் தாராளமாகச் சொல்லிக்கொள்கிறோம். இயற்கைத் தேர்வு என்ற நீண்ட விளக்கத்தின் சுருக்கம் அது என்பது கேட்பவருக்கும் தெரியும். அந்தச் சுருக்கத்தை விரித்து எழுதத் தெரியாத மாணவருக்குத்தான் அது ஆபத்து.

விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் 1963இல் இந்தக் கேள்வியை நான்காகப் பிரித்தார்: நடத்தையின் இயங்குமுறை என்ன, தனி உயிரின் வாழ்நாளில் அது எப்படி உருவாகிறது, பிழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் என்ன பயன் தருகிறது, பரிணாம வழியில் எங்கிருந்து வந்தது. முதல் இரண்டும் உடனடிக் காரணத்தின் பிரிவுகள். மற்ற இரண்டும் பரிணாமக் காரணத்தின் பிரிவுகள். கார்ல் ஃபான் ஃபிரிஷ், கொன்ராட் லோரென்ஸ் ஆகியோருடன் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர்.

பழகிக்கொள்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, கலிபோர்னியாவின் பெல்டிங் தரை அணில். இரைகொல்லி வரும்போது சில அணில்கள் எச்சரிக்கைக் குரல் எழுப்புகின்றன. தரைவழியே வரும் இரைகொல்லியைக் கண்டு குரல் கொடுப்பது தன்னையே காட்டிக்கொடுக்கும் செயல். பால் ஷெர்மன் 1977இல் வெளியிட்ட ஆய்வின்படி, இக்குரலை மிகுதியாக எழுப்புபவை உறவினரை அருகில் கொண்ட பெண் அணில்கள். ஆண் அணில்கள் பிறந்த இடத்தை விட்டு வெளியேறிவிடுவதால், அவற்றைச் சுற்றி உடன்பிறந்தவை இருப்பதில்லை. பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் 1964இல் தந்த விதிப்படி, உறவு நெருக்கத்தை (வம்சவழியில் பகிர்ந்துகொள்ளும் மரபணுக்களின் பங்கை) உறவினர் பெறும் நன்மையால் பெருக்கி வருவது, குரல் கொடுத்த அணிலுக்கு நேரும் இழப்பைவிட அதிகமாக இருந்தால் அந்த நடத்தை பரவும். உடன்பிறந்தவருக்கு உறவு நெருக்கம் 0.5; ஒன்றுவிட்ட உடன்பிறப்புக்கு 0.125. இந்த ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளுக்கும் தனித்தனி விடை எழுதச் சொல்லுங்கள். பத்து எடுத்துக்காட்டுகளின் பெயரை ஒப்பிப்பதைவிட அது பயன் தரும்.

இளநிலை மாணவன்:

வணக்கம் அக்கா. இந்தத் தேர்வை எழுதிவிட்டு இப்போது கல்லூரியில் இருக்கிறேன். சூழலியல் அலகின் பங்கு 10 முதல் 15 விழுக்காடு. கடைசியில் வருவதால் பல பள்ளிகளில் அவசர அவசரமாக முடித்துவிடுகிறார்கள். நடத்தையோடு நின்றுவிடாமல், விலங்குகளின் எண்ணிக்கை ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடங்களைப் படிக்கவும் பழக்குங்கள்.

நான் பயின்றது ஐல் ராயல் தீவின் தரவை வைத்து. மிச்சிகனைச் சேர்ந்த அத்தீவில் ஓநாய்களையும் மூஸ் மான்களையும் 1958 முதல் கண்காணித்து வருகிறார்கள். 1980இல் 50 ஆக இருந்த ஓநாய்கள் 1982இல் 14 ஆகச் சரிந்தன. இரை குறைந்தால் இரைகொல்லியும் குறையும், கூடினால் கூடும் என்ற பாடநூலின் இரைகொல்லி–இரை அலைவை மட்டும் படித்தவர், உணவு குறைந்ததால் சரிந்தது என்று உடனே எழுதிவிடுவார். பெரிதும் காரணமாகக் கருதப்படுவது நாய்களிடமிருந்து பரவிய பார்வோ வைரஸ். கோடு கீழே இறங்குவதை விவரிப்பது ஒரு விடை. அதற்குக் காரணம் கூறுவது வேறு விடை. வினாவில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இத்தேர்வை நடத்தும் கல்லூரி வாரியம் முந்தைய ஆண்டுகளின் விரிவிடை வினாக்களை மதிப்பீட்டு நெறிகளோடு தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பயிற்சிக்கு அவையே போதும்.

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரு மறுகேள்வி. வகுப்பில் நான்கு குழுக்கள், குழுவுக்குப் பத்துப் புதிய பில் பக்குகள். எல்லாவற்றையும் கூட்டினால் ஈரத்தில் 28, உலர்வில் 12. கை-ஸ்கொயர் 6.4 வருகிறது. இப்போது இன்மைக் கருதுகோளை நிராகரிக்கலாமா?

பாடவேளை:

கணக்கின்படி நிராகரிக்கலாம் அம்மா, 6.4 என்பது 3.84ஐத் தாண்டிவிட்டது. ஆனால் கை-ஸ்கொயர், ஒவ்வோர் உயிரும் மற்றதைச் சாராமல் இடம் தேர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறது. பில் பக்குகளோ ஒன்றையொன்று ஒட்டிக் கூட்டமாக ஒதுங்கும் இயல்புடையவை. ஒன்று ஈரத்தில் நின்றுவிட்டால், பின்னால் வரும் மூன்று அதன்மேல் ஏறி நிற்கக்கூடும். அப்போது நாம் நான்கு என்று எண்ணுவது உண்மையில் ஒரே தேர்வாகிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் விட்டு எண்ணினால் இந்தச் சிக்கல் வராது. சாளரத்தின் வெளிச்சம் எப்போதும் ஒரே பக்கம் விழாதபடி, பாதிக் கிண்ணங்களைத் திருப்பி வைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, இரு பக்கமும் உலர்தாள் விரித்த கட்டுப்பாட்டுக் கிண்ணமும் ஒன்று வேண்டும். “ஆய்வு வடிவமைப்பில் ஒரு திருத்தம் கூறி நியாயப்படுத்துக” என்று கேட்டால் இவற்றில் ஏதேனும் ஒன்றை, காரணத்தோடு எழுதினால் போதும்.