பிளாஸ்டிக் போட் அடியில விரிசல்: ரெசின் பிடிக்குமா?

கேள்வி (எண்ணூர்):
கொசஸ்தலை ஆத்துக் கழியில ஓட்டுற சின்ன போட். ஃபைபர் இல்ல, ஒரே வார்ப்பு பிளாஸ்டிக். அணியத்துக்குக் கீழ ஒரு சாண் நீளம் விரிசல், கையால அழுத்தினா வாய் திறக்குது. எபாக்ஸி புட்டி வச்சதும் தகடா உரிஞ்சு வந்துடுச்சு. காசிமேட்டுல ஃபைபர் போட்டுக்குப் போடுற ரெசினும் கண்ணாடி நார் விரிப்பும் (மேட்) இதுக்கு ஆகுமா?

பதில் 1:
ஆகாது தலைவா. அது பாலிஎத்திலீனா இருந்தா ரெசின், புட்டி எதுவும் கவ்வாது, உருக்கித்தான் ஒட்டணும். ஓரத்துல ஒரு சீவல் எடுத்துப் பாருங்க. தண்ணியில மிதந்து, கொளுத்தினா மெழுகுவர்த்தி வாசனை அடிச்சா அதேதான்.

விரிசலோட ரெண்டு முனையிலயும் 5 மி.மீ. துளை போடுங்க. கண்ணுக்குத் தெரியுற முனையைக் கொஞ்சம் தாண்டிப் போடணும், இல்லேன்னா வெல்டு முடிஞ்சப்புறம் அங்கிருந்தே கிழியும். நல்ல தண்ணியில உப்பு போகக் கழுவிக் காயவிட்டு, விரிசலை ஆப்பு வடிவத்துல முக்கால் கனத்துக்குச் சீவுங்க. ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம், வெயில்ல வெளுத்த மேல்தோலையும் சுரண்டிடுங்க.

ஹாட் ஏர் கன், குறுகின நாசில், 280 டிகிரி வாக்குல. ராடும் (விரிசல்ல உருக்கி நிரப்புற பிளாஸ்டிக் குச்சி) போட்டும் ஒரே நேரத்துல பளபளன்னு மின்னும்போது அழுத்தணும். ராடு மட்டும் உருகினா சும்மா மேல படுத்துக்கும், நகத்தால பேத்துடலாம். புகைஞ்சா சூடு ஜாஸ்தி.

கேள்வி:
சரிண்ணே. ராடு எது வாங்கறது?

பதில் 2:
அங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. பாலிஎத்திலீன்லயே ரகம் இருக்கு. வார்ப்பு போட் பெரும்பாலும் எல்எல்டிபிஇ ரகம். பைப்புக்குன்னு தர்ற ஹெச்டிபிஇ ரக ராடு அதோட சரியா கலக்காது. பழைய பொருள் கடையில உடைஞ்ச தண்ணி டேங்க் துண்டு வாங்கி 5 மி.மீ. பட்டையா அறுத்துக்குங்க, ரெண்டும் ஒரே சாதி. முதல்ல அந்தச் சீவல்ல ஒட்டி, ஆறினதும் குறடால இழுங்க. பட்டை அறுந்தா நம்பலாம், ஒட்டு உரிஞ்சா வேற துண்டு தேடுங்க.

பதில் 3:
உள்பக்கம் ஸ்டெயின்லெஸ் வலையைச் சால்டரிங் அயர்னால அழுத்திப் புதைச்சு, மேல அதே பிளாஸ்டிக்கை உருக்கி மூடுங்க. சாதா இரும்பு வலை வேணாம், உப்புத்தண்ணி தின்னுடும். கடல்காத்து படாம மறைப்பு கட்டிக்குங்க, காத்துல ராடு பாதியிலயே ஆறிடும். தானா ஆறட்டும், தண்ணி ஊத்தாதீங்க. மறுநாள் போட்டுக்குள்ள தண்ணி நிரப்பி ராத்திரி முழுக்க வச்சு, அடியில கசியுதான்னு பாருங்க.

ஃபைபர் போட்காரங்க யாராவது படிச்சா: ரெசின் இறுகறதுக்குச் சேர்க்குற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணா ஊத்தாதீங்க, வெடிக்கும். கோபால்ட்டை முதல்ல ரெசின்ல நல்லா கலந்துட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட்.