ஒரே அடுப்பில் சமைக்கும் வீட்டில் பி.சி.ஓ.எஸ். எடையைக் குறைப்பது எப்படி?

கொட்டகலைத் தையற்காரி

வணக்கம். எனக்கு 27 வயது. உயரம் 154 சென்டிமீட்டர், எடை 79 கிலோ. தலவாக்கலையில் ஒரு தையற்கடையில் காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை மெஷின் முன்னால் உட்கார்ந்தே வேலை. திருமணமாகி இரண்டு வருடம். கடந்த வருடம் மூன்று முறைதான் மாதவிடாய் வந்தது. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு பி.சி.ஓ.எஸ்., அதாவது சூலக நீர்க்கட்டி நோய் என்றார்கள். மெட்ஃபோர்மின் குளிசை தந்தார்கள். "எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார் டாக்டர். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நானாகவே முயன்றேன். இரவுச் சாப்பாட்டை விட்டேன். காலையில் கொள்ளு அவித்த தண்ணீர் மட்டும். இரண்டு மாதத்தில் 78 கிலோ 72 ஆனது. பிறகு தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, போனதும் வந்தது, கூட ஒரு கிலோவும் வந்தது.

மாமியார் கொழுந்து பறிக்கிறவர். நாலரை மணிக்கு எழுந்து எல்லோருக்கும் ரொட்டி சுட்டு வைத்துவிட்டுத்தான் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போவார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பது ஒரே அடுப்பு. அவரிடம் போய் எனக்கு மட்டும் வேறு சாப்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன சாப்பிடலாம் என்ற பட்டியல் என்னிடம் ஐந்து இருக்கிறது. அவற்றில் உள்ள பாதிப் பொருட்கள் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. விடாமல் தொடர்வது எப்படி? அதைத்தான் கேட்கிறேன்.

டிக்கோயா டீச்சர்

தங்கச்சி, உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு 36 வயது. 83 கிலோ இருந்தேன். பதினான்கு மாதத்தில் 76 கிலோவுக்கு வந்தேன், அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாக அதே 76. முன்பு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை வந்த மாதவிடாய் இப்போது 35, 40 நாளில் வந்துவிடுகிறது. உங்களுக்கும் இதே கணக்கில் நடக்கும் என்று நான் சொல்ல முடியாது.

முதல் மாதம் நான் ரொட்டியைத் தொடவே இல்லை, அதாவது குறைக்கவில்லை. ஒரு கிழமை முழுக்க நான் குடித்ததை மட்டும் கொப்பியில் எழுதினேன். எழுந்ததும் ஒன்று, பள்ளிக்குப் புறப்படும்போது ஒன்று, இடைவேளையில், வீடு வந்ததும், மாலையில், இரவில். ஆறு கோப்பைத் தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டரைக் கரண்டி சீனி. பதினைந்து கரண்டி என்றால் ஏறக்குறைய 60 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் சோற்றையே குற்றவாளியாக்கிப் பட்டினி கிடந்திருக்கிறேன். இரண்டு கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தேன். நாக்கு அதற்குப் பழகிவிடுகிறது. தேயிலை மலையில் பிறந்த நம்மைத் தேநீரை விடச் சொன்னால் எத்தனை நாள் விடுவோம்? சீனியை விடலாம்.

இனி மாமியார் விடயம். என் மாமியாருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). ஒருநாள் அவரோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன்: "மாமி, உங்களுக்கு இருப்பதும் எனக்கு இருப்பதும் பக்கத்து வீட்டு நோய்கள். என் உடம்பு இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அதன் சொல் எடுபடவில்லை. அதனால் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிகம்தான் சூலகத்தைத் தூண்டி ஆண் ஹோர்மோனைக் கூட்டுகிறது, முட்டை பக்குவப்படாமல் நிற்கிறது. கழுத்தில் கறுப்புப் படிந்திருப்பதும் அதனால்தான்." அதுவரை நான் அழகுக்காகப் பட்டினி கிடக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார்! மறுநாளிலிருந்து இருவருக்கும் ஒரே சாப்பாடு. கோதுமை மாவில் பாதிக்குக் குரக்கன் (கேழ்வரகு) மா, மூன்று ரொட்டிக்குப் பதில் ஒன்றரை, கூடவே பருப்போ முட்டையோ, வல்லாரைச் சம்பலோ கோவாவோ (முட்டைக்கோஸ்). எல்லாம் நம் சில்லறைக் கடையிலும் வீட்டுத் தோட்டத்திலும் உள்ளவை. வேறு சாப்பாடு கேட்காதீர்கள். நோயை விளங்க வைத்து, இதே சாப்பாட்டில் அளவையும் சேர்மானத்தையும் மாற்றக் கேளுங்கள்.

நடைக்கு வருவோம். "தினமும் நடப்பேன்" என்று எழுதியவரை நான் நடக்கவே இல்லை. "ஒன்றரைக்குப் பள்ளி விட்டதும் பஸ்ஸில் ஏறி, ஒரு தரிப்பிடம் முன்னால் இறங்கி நடப்பேன்" என்று எழுதிய பிறகுதான் கால் நகர்ந்தது. ஜூன், ஜூலை மழையை நம்மைப் போல் அறிந்தவர் யார்? புல்லில் கால் வைத்தால் அட்டை, ஐந்து மணிக்கே மூடுபனி, பெண் பிள்ளை தனியாகப் போக முடியாது. ஆகவே மழைநாளுக்கு வேறு திட்டம் முன்கூட்டியே வேண்டும். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) இருபது நிமிடம் நடை, பிறகு கதிரையில் உட்கார்ந்து எழும்புவது பத்துப் பத்தாக மூன்று முறை. நீங்கள் பாபின் நூல் தீரும்போதெல்லாம் எழுந்து இரண்டு நிமிடம் நடமாடுங்கள்.

செய்த நாளைக் கலண்டரில் வட்டமிடுவேன். ஒருநாள் தவறினால் மன்னித்துக்கொள்வேன், இரண்டாம் நாள் தவற விடமாட்டேன். தீபாவளிக்கு எனக்கும் இரண்டு கிலோ ஏறியது. முன்பென்றால் அத்தோடு கைவிட்டிருப்பேன். அந்த முறை மறுவேளைச் சாப்பாட்டிலேயே பழைய அளவுக்குத் திரும்பினேன்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். ஐந்து மாதம் தராசு அசையவில்லை, ஆனால் இடுப்பு நான்கு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. உங்கள் கழுத்தில்தான் எப்போதும் டேப் தொங்குமே! மாதம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

பதுளையிலிருந்து ஓய்வுபெற்ற தாதி

டீச்சர் சொன்னதோடு சில விடயங்கள், மகள். பி.சி.ஓ.எஸ். பற்றி 2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டல், எந்த ஒரு உணவுமுறையும் மற்றதைவிட உயர்ந்தது என்று சொல்லவில்லை. யாரும் விலை கூடிய மாவையும் தூளையும் விற்க வந்தால் வாங்காதீர்கள். உடற்பயிற்சி கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம். எடை குறைய வேண்டும் என்றால் 250-ஐ நோக்கிப் போக வேண்டும். அதோடு தசைக்கு வலுத் தரும் பயிற்சி இரண்டு நாள். எடையில் 5 வீதம் குறைந்தாலே பலருக்குப் பலன் தெரியும். உங்களுக்கு அது நான்கு கிலோ.

மெட்ஃபோர்மினைச் சாப்பாட்டோடு எடுங்கள். வயிறு குழம்பினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மாதவிடாய் 90 நாளுக்கு மேல் வராவிட்டால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள், கருப்பையின் உட்சுவர் தடித்துவிடலாம். எடை குறையும்போது முட்டை வெளிப்படத் தொடங்கலாம். மாதவிடாய் ஒழுங்காகும் முன்பே கரு தங்கலாம். குழந்தை வேண்டுமென்றால் இப்போதே உங்கள் பகுதி மருத்துவமாதிடம் போலிக் அமிலம் பற்றிக் கேளுங்கள். மனம் சோர்ந்து கிடந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த நோயில் மனச்சோர்வு அதிகம், அதற்கும் சிகிச்சை உண்டு.

நானுஓயா

என் மனைவிக்கும் இதேதான். நான் செய்தது இரண்டு. சம்பள நாளில் மிக்சரும் பணிஸும் வாங்கி வருவதை நிறுத்தினேன். மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரை பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் நடக்கப் போகிறாள். உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள், தங்கச்சி.

கொட்டகலைத் தையற்காரி

எல்லோருக்கும் நன்றி. இன்று கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இடுப்பை அளந்தேன்: 97 சென்டிமீட்டர். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்தேன். எனக்கு ஐந்து தேநீர், பத்துக் கரண்டி. இன்றிலிருந்து கோப்பைக்கு ஒன்றரைக் கரண்டி.

இரவு மாமியாரிடம் டீச்சர் சொன்ன மாதிரியே சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கழுத்தைக் காட்டினார், அதிலும் அதே கறுப்பு. அவர் இதுவரை ஒரு முறைகூட இரத்தத்தில் சீனி பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஒருநாள் பேர், அதாவது ஒருநாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை என்கிறார்.