அடியில்லா டீபாட்: மாயம் ஓட்டையிலா, மூக்கிலா?

வளைகோடு:
நம் கற்பனை மாயப்பொருள் தொகுப்புக்கு இது. 1975-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் கணினி வரைகலை ஆய்வாளர் மார்ட்டின் நியூவெல், தன்னிடமிருந்த நிஜ டீபாட்டைப் பார்த்து, கணினித் திரைக்காக எண்களாக வடித்த டீபாட், திரையை விட்டு இறங்கி மேசைமேல் நிற்கிறது. முதல் தரவில் அடிப்பாகமே கிடையாது. வாய் 4, உடல் 8, மூடி 8, கைப்பிடி 4, மூக்கு 4, ஆக 28 பெசியர் பேட்ச் (வளைந்த பரப்புத் துண்டுகள்). அடிக்கான 4 பிற்பாடு சேர்ந்தவை. ஆகவே விதி: உள்ளே ஊற்றும் தண்ணீர் மேசையை நனைக்காது, அடியிலேயே மறைந்துவிடும்.

நிழற்கோணம்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். அடி இல்லையென்றால் தண்ணீர் மேசையில் ஓடும், அவ்வளவுதான். மறைவதாகச் சொல்ல தரவில் எதுவுமில்லை. மாயம் மூக்கில் இருக்கிறது. உடல் முழுச் சுற்றுப் பரப்பு; மூக்கு அதில் செருகி நிற்கிறதே தவிர, சேருமிடத்தில் துளை கிடையாது. 32 பேட்ச் பதிப்பில் அரை லிட்டர் ஊற்றிச் சாய்த்தால் மூடிப் பக்கம் வழியும், மூக்கு காய்ந்தே கிடக்கும்.

வளைகோடு:
ஒரு துளை போட்டால் உங்கள் மாயம் தீர்ந்தது.

நிழற்கோணம்:
போட முடியாது, அதுதான் விஷயமே. ஒவ்வொரு பேட்சுக்கும் அதன் வளைவைத் தீர்மானிக்கும் 16 கட்டுப்புள்ளிகள். ஒன்றை நகர்த்தினால் அசைவு அந்தப் பேட்ச் நெடுகப் பரவும். உடலில் அது கால் சுற்று. ஓரப்புள்ளியானால் பக்கத்துப் பேட்சும் கூடவே நகர வேண்டும், இல்லாவிட்டால் விரிசல். பரப்பை வெட்டியெடுக்க, எங்கே வெட்டுவது என்று குறிக்கும் ட்ரிம் வளைவு தேவை, இந்தத் தரவில் அது இல்லை. துளைக்கும் கருவி பட்டால் ஓட்டை விழாது, கால் சுற்று அகலத்துக்கு உடல் உள்ளே குழியும்.

சதுரப்புள்ளி:
இருவருமே உயரத்தை விட்டுவிட்டீர்கள். மவுன்டன் வியூ கணினி வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள அசல் டீபாட், அதாவது நியூவெல் பார்த்து வடித்த மெலிட்டா நிறுவனத் தயாரிப்பு, இதைவிட உயரம். திரையில் பழகிய உருவம் நெட்டுவாக்கில் சுமார் 1.3 மடங்கு அமுங்கியது. அசல் 1 லிட்டர் கொண்டால் இது 770 மி.லி.தான் கொள்ளும். மிச்ச 230 எங்கே என்பதை விதியாக்குங்கள்.

வளைகோடு:
அடியில் மறையும் தண்ணீர் போய்ச்சேரும் இடம் அதுவே!

நிழற்கோணம்:
அமுக்கம் எல்லா உயரத்திலும் ஒரே விகிதம், அடியில் மட்டும் குவியாது. தவிர, பரப்புக்குத் தடிமன் பூஜ்யம். உங்கள் 28 பேட்ச் டீபாட் நிற்பது அந்தத் திறந்த விளிம்பின்மேல். துளி எடை இருந்தாலும் மேசைப் பலகையை அறுத்துக்கொண்டு இறங்கும். தண்ணீரை அப்புறம் பார்ப்போம், முதலில் அதை எதன்மேல் வைப்பீர்கள் என்று எழுதுங்கள்.